யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கில் செயின் அறுந்து கிராங்க் கேஸ் (இன்ஜினின் அலுமினியக் கூடு) உடைந்துவிட்டது. வெல்டிங் வைக்கலாமா, பழைய கேஸ் வாங்கி மாட்டலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அறுந்த செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) சுருண்டு இடது கேஸில் கட்டைவிரல் நுழையும் ஓட்டை போட்டிருக்கிறது, அங்கிருந்து ஒரு விரிசல் முன்பக்கம் ஓடுகிறது, கூட்டாளிகள் மூன்று பேரோடு நீங்களே வேலை பார்க்கப் போகிறீர்கள், மெக்கானிக்கோ பழைய கேஸை மாட்டச் சொல்கிறார்.

முதலில் வெல்டிங்தான் பாருங்கள். இன்ஜின் நம்பர் கேஸில்தான் வெட்டியிருக்கும். கோயமுத்தூர் உக்கடத்தில் ஒரு பழைய கேஸ் வாங்கி மாட்டிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதி மாற்றாமல் ஓட்டினால், ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது நம்பர் ஒத்துப்போகாமல் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். இன்னொன்று, இடது வலது பாதிகள் ஜோடியாகச் சேர்த்து வைத்துத் துளை குடைந்தவை. உடைந்த பாதியை மட்டும் மாற்றினால் பேரிங் நேர் தப்பி கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இறுகும். மாற்றுவதென்றால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

ஆனால் விரிசல் எதுவரை போயிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். ஸ்ப்ராக்கெட் பக்கத்து வெளிச்சுவரோடு நின்றால் கவலையில்லை. கியர்பாக்ஸுக்கும் கிராங்க் அறைக்கும் நடுவில் உள்ள சுவர் வரை போயிருந்தால் வெல்டிங் முடியும், ஆனால் துளி ஓட்டையும் விடக்கூடாது. விட்டால் கியர் ஆயிலை கிராங்க் உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும். கிராங்க் பேரிங் உட்காரும் வளையமே பிளந்திருந்தால் விட்டுவிடுங்கள், ஜோடி கேஸ் வாங்கி ஆர்.சி.யைத் திருத்துவதே மேல். கண்ணுக்குத் தெரிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். டை பெனட்ரன்ட் ஸ்பிரே செட் வாங்கி, சிவப்பு அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்தால் மயிரிழை விரிசலும் சிவப்புக் கோடாக எழும். கோட்டின் முனையில் 2.5 மி.மீ. துளை போடுங்கள், இல்லையென்றால் வெல்டிங் சூட்டில் அது இன்னும் ஓடும்.

இதில் பெரிய வேலை வெல்டிங் இல்லை, எண்ணெய் எடுப்பது. முப்பது வருஷமாக ஆயில் குடித்த வார்ப்பு அலுமினியம் அது. பேரிங், சீல், நியூட்ரல் சுவிட்ச் எல்லாம் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, அசிட்டோனில் துடையுங்கள். பிறகு 150 முதல் 180 டிகிரி வரை சூடாக்கினால் உள்ளே இருப்பது வியர்த்து வெளியே வரும். ஆறவிட்டுத் துடைத்து மறுபடி சூடாக்குங்கள். வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் இதே வேலை. (சமையலறை அவன் வேண்டாம், அந்த நாற்றம் வாரக்கணக்கில் போகாது. ஹாட் ஏர் கன் போதும்.) லேசர் தெர்மாமீட்டர் பளபளப்பான அலுமினியத்தில் குறைத்துக் காட்டும், கறுப்பு மார்க்கரில் ஒரு பொட்டு வைத்து அதில் பிடியுங்கள். பிரேக் கிளீனர் ஸ்பிரே தொடவே தொடாதீர்கள். குளோரின் கலந்த வகையாக இருந்தால் வெல்டிங் ஆர்க் பட்டு விஷவாயு வரும்.

விரிசலை கார்பைடு பர் (டிரில் போல் சுழன்று குடையும் சிறு வெட்டி) வைத்து V வடிவில், சுமார் 70 டிகிரி திறப்பில் தோண்டுங்கள். எமரி கல் வேண்டாம், அதன் பொடி அலுமினியத்தில் பதிந்துகொள்ளும். ஓட்டையை அடைக்கத் தகடு வெட்டுவதைவிட, செத்துப்போன வேறு கேஸிலிருந்து ஒரு துண்டு அறுத்து எடுங்கள். உலோகம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் நன்றாக ஒட்டும்.

ஆர்கான் வெல்டிங் போர்டு மாட்டியவர்களில் நிறையப் பேர் ஸ்டீல் கைப்பிடி, கேட் செய்கிறவர்கள். அவர்களிடம் டிசி மிஷின்தான் இருக்கும். அலுமினியத்துக்கு ஏசி வேண்டும். போனிலேயே கேட்டுவிடுங்கள். கோயமுத்தூரில் பம்ப் வார்ப்புகளுக்கு வெல்டிங் வைக்கிறவர்கள் சரியான ஆள்கள். 4043 ராடு (அலுமினிய வெல்டிங் கம்பி) போதும், 4047 இருந்தால் இன்னும் நன்றாக ஓடும். பழைய பேரிங்கையும், இரண்டு பாதியையும் நேராக நிறுத்தும் டவல் பின்னையும் போட்டு இரண்டு பாதியையும் போல்ட் போட்டு முறுக்கியே கொடுங்கள், வளையாது. கேஸை 150 டிகிரிக்குச் சூடாக்கி, ஒரே இழுப்பாக இழுக்காமல் 15 மி.மீ. அளவுக்கு விட்டு விட்டு வைக்கச் சொல்லுங்கள். முதல் பொட்டிலேயே கறுப்பாகக் கொப்பளித்தால் எண்ணெய் பாக்கி என்று அர்த்தம். அதன் மேலேயே ராடை ஏற்ற விடாமல் நிறுத்தித் தோண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது திறந்த ஷெட்டில் வேண்டாம், ஆர்கானை அடித்துக்கொண்டு போய்விடும். வைத்து முடித்ததும் தண்ணீர் காட்டாமல் காய்ந்த மணலில் புதைத்து ஆறவிடுங்கள்.

ஆறியதும் கேஸைப் பிரித்து, சேரும் முகத்தைத் தடித்த கண்ணாடியில் கவிழ்த்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள். 0.05 மி.மீ. நுழையக்கூடாது. மேட்டை மட்டும் 400 எமரி பேப்பரில் தேய்க்கலாம். ஒரேயடியாக இறக்கினால் கிராங்கின் பக்க ஆட்டம் போய்விடும். கேஸைச் சுமார் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் பேரிங் தானாக இறங்க வேண்டும். ஆறிய கேஸிலேயே கையால் தள்ளி இறங்கினால் சீட் பெரிதாகிவிட்டது, லேத்தில் புஷ் (உள்ளே இறக்கும் உலோக வளையம்) போட வேண்டும். 6 மி.மீ. மரை போயிருந்தால் ஹெலிகாயில் (மரையாக உட்காரும் கம்பிச்சுருள்) போடுங்கள்.

கேஸைச் சேர்க்க பேக்கிங் கிடையாது, பசைதான். டியூபில் ‘பெட்ரோல் தாங்கும்’ என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

பூட்டியதும் பிரஷர் டெஸ்ட். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறை காற்று விட்டால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் ஷீட்டும் தகடும் வைத்து அடைத்து, பழைய பி.பி. மிஷினின் பந்தையும் மீட்டரையும் இணைத்து மீட்டரில் 250-க்கு (மி.மீ. பாதரசம்) ஏற்றுங்கள். 300-க்கு மேல் வேண்டாம், சீல் பிதுங்கும். ஐந்து நிமிஷம் பாருங்கள். நிமிஷத்துக்கு 50 இறங்கினால் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுங்கள். கியர்பாக்ஸ் பக்கத்துக்கு, பூட்டுவதற்கு முன்பே வெல்டிங்கின் வெளியே சுண்ணாம்பு பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி விடுங்கள். கசிந்தால் வெள்ளையில் ஈரப்பொட்டு தெரியும்.

புதுச் செயின் மாட்டும்போது லாக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் கிளிப் கழன்று இதே ஓட்டை மறுபடி விழும்.