ரத்ததானமும் ஊரடங்கும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ரத்ததான அமைப்பில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். வருடத்துக்கு இரண்டு பெரிய முகாம், அதுதான் எங்கள் வேலை. 2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. பழைய முகாம் நோட்டுகளைப் பிரித்து ஒவ்வொருவருக்காகப் போன் செய்து, இரண்டு பேர் மூன்று பேராக ரத்த வங்கிக்கு அனுப்பினோம். இப்போது மூத்தவர்கள் பழையபடி அக்டோபர் 1 அன்று மண்டபம் பிடித்து 300 யூனிட் எடுக்க வேண்டும் என்கிறார்கள். இளையவர்கள் முகாமே வேண்டாம், வாட்ஸ்அப் போதும் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன? முகாம் நடந்தால் அக்டோபர் 1 அன்று நீங்களும் வரவேண்டும்.

இன்னொன்று. ஊரடங்கில் நான் பைக்கில் கூட்டிப்போன ஒருவருக்குப் பத்து நாளில் கொரோனா வந்தது. பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. நாங்கள் செய்தது சரியா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களை அரித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று தெரிகிறது. அந்தப் பத்து நாளில் அவர் கடைக்குப் போயிருப்பார், பக்கத்து வீட்டில் பேசியிருப்பார். தொற்று எங்கே ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த நாட்களில் ஒரே பைக்கில் இருவர் போனது ஆபத்துதான், அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சைகளை மருத்துவமனைகள் தள்ளிப்போட்டன. சாலை விபத்துகளும் குறைந்தன. அந்த அளவுக்கு ரத்தத் தேவையும் குறைந்தது. ஆனால் பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது. தலசீமியா என்ற பிறவி ரத்த நோய் தீவிரமாக உள்ள பிள்ளைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். யாராவது போய்த்தான் ஆகவேண்டியிருந்தது, நீங்கள் போனீர்கள். அந்தச் சகோதரியை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். நியாயம் சொல்ல வேண்டாம். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

சரி, முகாம் விஷயத்துக்கு வருகிறேன்.

2020 ஏப்ரலில் நானும் மதுரையில் ஒரு நண்பர் குழுவுக்காகப் போன் செய்துகொண்டிருந்தேன். ரத்தம் கொடுக்கப் போகத் தடையில்லை என்பதே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. ‘போலீஸ் பிடிச்சா?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆளுக்கொரு நேரம் குறித்துக் கொடுத்தோம், பத்து மணிக்கு ஒருவர், பத்தரைக்கு ஒருவர் என்று. அப்போதுதான் முதல்முறையாக ரத்த வங்கிக்காரர்களிடம் ‘இன்றைக்கு எந்த குரூப் வேண்டும்?’ என்று கேட்டேன். அதுவரை எத்தனை யூனிட் எடுத்தோம் என்பதை மட்டுமே பேசியிருந்தோம். எத்தனை யூனிட் ஒரு நோயாளிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டதே இல்லை.

உங்கள் மூத்தவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். சிவப்பணுக்களை, பையில் இருக்கும் கரைசலைப் பொறுத்து, 35 அல்லது 42 நாள்தான் வைத்திருக்க முடியும். தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஐந்து நாள். அக்டோபர் 1 அன்று எடுத்த பைகளில் செலவாகாதவை நவம்பர் நடுவில் கழிவுதான். அதைவிட முக்கியமான கணக்கு இன்னொன்று. ஆண்கள் ஒருமுறை கொடுத்தால் மூன்று மாதமும் பெண்கள் நான்கு மாதமும் காத்திருக்க வேண்டும். உங்கள் ஊரின் நல்ல கொடையாளர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் படுக்க வைத்துவிட்டால், வருடக் கடைசிவரை உங்கள் கையில் ஆள் இல்லை. வடகிழக்குப் பருவமழையும் டெங்குவும் வருவது அந்த மாதங்களில்தான். நவம்பரில் ஒரு ஓ நெகட்டிவ் தாய்க்குப் பிரசவத்தில் ரத்தப்போக்கு என்று போன் வந்தால் யாரை அழைப்பீர்கள்? அந்த மாதிரி அரிய குரூப்காரர்களை முகாமுக்கே கூப்பிடாமல், தேவைக்கென்று நிறுத்தி வையுங்கள்.

அதற்காக இளையவர்கள் சொல்வதை முழுதாக ஏற்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊரடங்கில் நீங்கள் பிரித்த நோட்டு எங்கிருந்து வந்தது? முகாம்களிலிருந்து. வாட்ஸ்அப் குழுவால் ஏற்கெனவே கொடுத்தவரைத்தான் கூப்பிட முடிகிறது. ஊசியைப் பார்த்துப் பயப்படுகிற பதினெட்டு வயதுப் பையனுக்கு, பக்கத்துக் கட்டிலில் அவன் தோழன் சிரித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தால்தான் பயம் போகும். கல்லூரிகள் மூடிக்கிடந்த மாதங்களில் பதினெட்டைத் தாண்டிய எத்தனையோ பிள்ளைகள் ஒரு முகாமைக்கூடப் பார்க்கவில்லை. அந்த இழப்பு போன் பட்டியலில் உடனே தெரியாது. பழைய பெயர்களுக்கு வயதாகும்போதுதான் தெரியும். அதனால் மண்டபத்தை விடுங்கள், முகாமை விடாதீர்கள். மாதம் ஒரு கல்லூரி, ஒரு ஆலை, ஒரு தெரு. முப்பது பேர் போதும். எந்த குரூப் எத்தனை வேண்டும் என்று முந்தின வாரம் ரத்த வங்கியில் கேட்டுவிட்டு நடத்துங்கள்.

ஊரடங்குக் காலத்தில் நாம் வீணாக அலைந்ததையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்மா. கொரோனாவிலிருந்து குணமானவர்களின் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதி, மற்ற நோயாளிகளின் உயிரைக் காப்பாற்றும் என்று நம்பி நானும் ராத்திரி பகலாக ஆள் தேடினேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு, நோய் முற்றுவதையோ மரணத்தையோ அது குறைக்கவில்லை என்று 2020லேயே காட்டிவிட்டது. 2021 மே மாதம்தான் சிகிச்சை வழிமுறையிலிருந்து அதை நீக்கினார்கள். இடைப்பட்ட மாதங்களில் ஐசியூ வாசலிலிருந்து அழுதுகொண்டே பேசியவர்களிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வருகிறவரிடம் தொண்டர் எப்படி மறுப்பார்?

தடுப்பூசி வந்தபோது வேறு சிக்கல். கடைசி டோஸ் போட்டு 28 நாள் கழித்துத்தான் ரத்தம் கொடுக்கலாம் என்று முதலில் விதி இருந்தது. 2021 மே 1 முதல் பதினெட்டு வயதானவர்களுக்கும் ஊசி என்றதும், ஊசிக்கு முன்னால் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று வீடு வீடாகச் சொன்னோம். ஒவ்வொரு டோஸுக்கும் 14 நாள் என்று அந்த மாதமே விதியைத் தளர்த்தினார்கள். அப்போது ஓடி ஓடிச் சொன்னவர்கள் உங்கள் குழுவின் இளையவர்கள்தானே? மாறும் விதியை அன்றன்றைக்கு ஊரில் கொண்டுபோய்ச் சேர்த்த அந்தக் கூட்டத்தின் கையில் பட்டியலைக் கொடுங்கள். புதிய ஆட்களைக் கட்டிலுக்குக் கூட்டிவரும் வேலை மூத்தவர்களுக்கு.

அக்டோபர் 1 அன்று எனக்கும் அழைப்பு என்று எழுதியிருந்தீர்கள். வருகிறேன். ஆனால் அன்றைய பட்டியலில் என் பெயரை எழுத வேண்டாம். நான் பி பாசிட்டிவ், நவம்பர் இரண்டாம் வாரத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.