கடலோடியிடம் கேளுங்கள்: கரையைத் தொடாமல் போன புயல்

கேள்வி: என் மகள் வட கரோலினாவில், ராலே நகரத்தில் இருக்கிறாள். 2025 ஆகஸ்டில் குடும்பத்தோடு ஹாட்டரஸ் தீவுக்கு விடுமுறைக்குப் போனார்கள். எரின் புயல் வருகிறது என்று சொல்லித் தீவையே காலி செய்ய வைத்துவிட்டார்கள். கடைசியில் புயல் கரைப் பக்கமே வரவில்லையாம். இவ்வளவு கெடுபிடி தேவைதானா? (ஒரு வாசகி, கடலூர்)

பதில்: தேவைதான் அம்மா. அந்த இடத்தின் அமைப்பு அப்படி. வட கரோலினா கரைக்கு முன்னால், கடலுக்குள் வில் போல வளைந்து கிடக்கிற மணல் தீவுகளைத்தான் அவுட்டர் பேங்க்ஸ் என்கிறார்கள். பாறை கிடையாது, வெறும் மணல். முன்னால் அட்லாண்டிக், பின்னால் பாம்லிக்கோ என்ற பெரிய காயல். சில இடங்களில் மணல்மேட்டில் ஏறி நின்றால் இரண்டு பக்கத் தண்ணீரும் தெரியும். ஹாட்டரஸ் தீவு நெடுக ஓடுவது ஒரே ஒரு சாலை, 12ஆம் எண் நெடுஞ்சாலை. அதற்குத் தெற்கே இருக்கும் ஓக்ரக்கோக் தீவுக்குப் போக அதுவும் இல்லை, ஃபெர்ரிதான்.

எரின் ஆகஸ்ட் 16 அன்று மணிக்கு 260 கி.மீ. காற்றோடு ஐந்தாம் வகைப் புயலாக இருந்தது. ஹாட்டரஸ் முனைக்கு நேராக வரும்போது இரண்டாம் வகைக்கு இறங்கிவிட்டது. புயலின் கண் கரையிலிருந்து ஏறக்குறைய 300 கி.மீ. தள்ளித்தான் போனது. அப்படியும் அலை மணல்மேட்டைத் தாண்டி வந்து சாலையில் ஓடியது, சாலையை மூடினார்கள். அந்த நேரத்தில் உங்கள் பேரனுக்கோ பேத்திக்கோ காய்ச்சல் கண்டால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? சாலை இருக்கும்போதே ஆட்களை அனுப்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

அதோடு முடியவும் இல்லை. செப்டம்பர் 30 அன்று ஹும்பர்ட்டோ, இமெல்டா என்று இரண்டு புயல்கள் நடுக்கடலில் இருந்தன. இரண்டுமே அந்தக் கரையைத் தொடவில்லை. ஹாட்டரஸ் தீவின் பக்ஸ்டன் ஊரில் கடலோர வீடுகள் ஐந்து அன்று ஒரே நாளில் சரிந்து விழுந்தன. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.

கேள்வி: கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் வருமே, அதுவும் இதுவும் ஒன்றா? (ஒரு வாசகர், குளச்சல்)

பதில்: அலையின் பிறப்பு ஒன்றுதான். எங்கோ தொலைவில் காற்று எழுப்பிய அலை, காற்றை விட்டுப் பிரிந்து தனியாகப் பயணம் செய்து வருகிறது. உங்கள் ஊரில் வானம் தெளிவாக இருக்கும்போதே கடல் ஏறும். ஹாட்டரஸிலும் புயல் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் வெயில் நன்றாக அடிக்கும், அலை மட்டும் நீண்டு நீண்டு வரும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எட்டு நொடி இருந்தது பதினான்கு, பதினைந்து ஆகிவிட்டால் யாரையும் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். அந்த அலைதான் ஆளை உள்ளே இழுக்கும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கேள்வி: புயல் வரைபடத்தில் போடும் வெள்ளைக் கூம்புக்கு வெளியே இருந்தால் பயமில்லைதானே? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இல்லை. கூம்பு காட்டுவது புயலின் கண் எங்கே போகலாம் என்பதை மட்டும். மூன்று தடவையில் ஒரு தடவை கண்ணே கூம்பை விட்டு வெளியே போய்விடும். புயல் எவ்வளவு பெரியது என்பது அதில் இல்லவே இல்லை.

கேள்வி: நீங்கள் அந்தப் பக்கம் கப்பலில் போயிருக்கிறீர்களா? இங்கிருந்தே ஒரு புயலைப் பின்தொடர முடியுமா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: போயிருக்கிறேன். 2004 ஆகஸ்ட் தொடக்கம். ஹாட்டரஸுக்கு வடக்கே இருக்கும் நார்ஃபோக் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றப் போய்க்கொண்டிருந்தோம், நான் செகண்ட் ஆபீசர். எங்களுக்கு முன்னால் அலெக்ஸ் புயல். ஆறு மணி நேரத்துக்கு ஒரு புள்ளியாக சார்ட்டில் வைத்து, பென்சிலால் கோடு இழுத்தேன். கோடு கரைக்கு வெளியே, வடகிழக்காக அழகாகப் போனது. “நமக்கு வழி விட்டுப் போகிறது சார்” என்றேன். கேப்டன் ஒன்றும் சொல்லாமல் கவராயத்தை எடுத்து, நாளைய புள்ளியில் முள்ளை ஊன்றி ஒரு வட்டம் போட்டார். ஒரு நாள் கணிப்புக்கு 100 கடல் மைல் பிழை, இரண்டு நாளுக்கு 200, மூன்று நாளுக்கு 300. 34 நாட் (மணிக்கு 63 கி.மீ.) காற்று எதுவரை வீசுமோ அந்தத் தொலைவை அதோடு கூட்டிக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் கப்பலைக் கொண்டுபோகாதே. மாலுமிகளின் பழைய கணக்கு இது, எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அன்று நான் கோட்டை மட்டும் நம்பினேன். கேப்டன் வேகத்தைக் குறைத்தார், தெற்கிலேயே காத்திருந்தோம். பாரோமீட்டர் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. தட்டினால் முள் ஒரு துளி கீழே நகரும்.

ஆகஸ்ட் 3 அன்று அலெக்ஸ் ஹாட்டரஸ் முனையை உரசிக்கொண்டு போனது. கண் கரை ஏறவில்லை. தீவுகளில் விடுமுறைக்கு வந்தவர்களின் கார்கள் தண்ணீரில் முழுகின. இதை நார்ஃபோக்கில் எங்கள் கப்பலுக்குக் காய்கறி கொண்டுவந்தவர் சொன்னார். கடல் ஏறிவிட்டதா என்று கேட்டேன். இல்லையாம், வெள்ளம் பின்பக்கத்துக் காயலிலிருந்து வந்ததாம்.

அது எப்படி என்றால், புயல் தெற்கே இருக்கும்போது ஹாட்டரஸில் வடகிழக்குக் காற்று. பாம்லிக்கோ 130 கி.மீ. நீளம், ஆனால் ஆழம் அதிகபட்சமே ஏழெட்டு மீட்டர். தாம்பாளத்துத் தண்ணீர் மாதிரி, காற்று அதைத் தென்மேற்கு மூலைக்குத் தள்ளிவிடும். தீவை ஒட்டிய காயலில் தரை தெரியும் அளவுக்குத் தண்ணீர் வடியும். புயல் தாண்டியதும் காற்று வடக்கு, வடமேற்கு என்று திரும்பும். ஒதுங்கிய தண்ணீர் மொத்தமும் தீவின் முதுகில் வந்து விழும். 1993இல் எமிலி புயலும் கரை ஏறாமலேதான் போனது. பக்ஸ்டன் பக்கம் காயல் பத்தடி உயர்ந்தது.

இங்கிருந்தே பின்தொடரலாம். அமெரிக்கப் புயல் மையம் ஒரு நாளைக்கு நான்கு அறிக்கை விடும். கோடைக்காலத்தில் நம் நேரப்படி காலை 8.30, மதியம் 2.30, இரவு 8.30, விடிகாலை 2.30. நான் ஒரு நோட்டில் கண்ணின் இடத்தோடு, 34 நாட் காற்றின் ஆரத்தையும் நாலு திசைக்கும் எழுதிக்கொள்வேன். அடுத்து, ஹாட்டரஸ் முனைக்கு வெளியே கடலில் அலையை அளக்கும் டயமண்ட் ஷோல்ஸ் மிதவையைப் பார்ப்பேன், அலையின் உயரத்தைவிட இடைவெளியை முதலில். கடைசியாக, ஹாட்டரஸ் கிராமத்தில் காயல் பக்கம் இருக்கும் நீர்மட்ட அளவி. எல்லாரும் புயல் போய்விட்டது என்று தொலைக்காட்சியை அணைக்கும் நேரத்தில்தான் நான் அதை விடாமல் பார்ப்பேன்.

கடலூர் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மகள் அடுத்த வருடமும் போவதாக இருந்தால், தங்கும் வீடு கடலைப் பார்த்ததா காயலைப் பார்த்ததா என்று கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். வெளியேறச் சொன்னால் அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும். ஏதோ காரணத்தால் மாட்டிக்கொண்டால், காற்று வடமேற்கிலிருந்து வீசத் தொடங்கும் முன் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லுங்கள். அப்போது மழை விட்டிருக்கலாம், வானம்கூட வெளுத்திருக்கலாம்.