பூட்டிய ஏரும் உழாத வயலும்

அன்புள்ள ஐயா,

நான் ஒட்டுசுட்டான் பக்கத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன கிழமை பாடத்தில் நேசன்ட் (nascent), இன்சிப்பியன்ட் (incipient), இன்கோவேட் (inchoate), எம்பிரியோனிக் (embryonic) என்று நாலு சொல் வந்தன. அகராதியில் நாலுக்கும் 'தொடக்க நிலையிலுள்ள' என்றுதான் கிடக்கிறது. ஒரு பொடியன் எழும்பி, "அப்ப ரீச்சர், நேசன்ட் பேபி எண்டு எழுதலாமோ?" என்றான். பின்வாங்கிலிருந்து இன்னொருவன், "எங்கட வயல் இப்ப குடலை, கதிர் இன்னும் வெளியில வரேல்ல. அதுக்கு இதில எது?" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. இவற்றை எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

(பிள்ளை என்றதற்குக் கோபிக்க வேண்டாம். தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஒன்பது இளமைப் பெயர்களில் அதுவும் ஒன்று. தென்னைக்கும் கிளிக்கும் அணிலுக்கும் பொருந்துகிற சொல் ரீச்சருக்குப் பொருந்தாதா?)

எனக்கு மிகவும் பிடித்தது இன்கோவேட். அதிலிருந்தே தொடங்குகிறேன். 16ஆம் நூற்றாண்டில் இலத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. இலத்தீனில் 'கோகும்' என்றால் ஏர்க்காலை நுகத்தோடு பிணைக்கும் வார் என்று சொற்பிறப்பு அகராதிகள் சொல்கின்றன. மாட்டைக் கட்டியாயிற்று, வாரை இறுக்கியாயிற்று, கொழு இன்னும் மண்ணில் இறங்கவில்லை. அந்த நிலைதான் இன்கோவேட். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் சத்தத்தோடு வளர்ந்த உங்கள் மாணவர்களுக்கு வீட்டில் அப்பப்பா யாரும் இருந்தால் கேட்டுவரச் சொல்லுங்கள். பூட்டிய ஏர் எப்படி நிற்கும் என்று அவர் காட்டுவார்.

சட்டக்காரர் இந்தச் சொல்லை இன்னும் அந்தப் பொருளுக்குக் கிட்டவே வைத்திருக்கிறார்கள். களவெடுக்க முயற்சித்து முடியாமல் போனவன், சதி செய்தவன், குற்றத்துக்குத் தூண்டிவிட்டவன் ஆகியோரின் குற்றங்களை இன்கோவேட் குற்றங்கள் என்பார்கள். 1883ஆம் ஆண்டின் எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையிலும் இவற்றுக்குத் தண்டனை உண்டு. வயல் உழுபடவில்லை என்பதற்காக ஏர் பூட்டியவனைச் சட்டம் விட்டுவிடாது. கதை, கவிதை பக்கம் வந்தால் இதே சொல் மனதுக்குள் கிளம்பி இன்னும் பிடிபடாத கோபத்தையும் ஏக்கத்தையும் குறிக்கும். அங்கே 'உருக்கொள்ளாத' என்று எழுதினால் சரியாகும்.

இன்னொன்று: முன்னால் நிற்கும் 'இன்' எதிர்மறை இல்லை. அப்படி நினைத்து அதை வெட்டி, 'கோவேட்' என்று முழுமைக்கு ஒரு சொல்லை உண்டாக்கியவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அது இன்னும் உலாவுகிறது. எனக்கு அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

இன்சிப்பியன்ட் என்பதன் அடியில் 'கையில் எடுத்தல்' என்ற பொருள் இருக்கிறது. ஆனால் இன்று அது பெரும்பாலும் கெட்டதன் பக்கத்தில்தான் நிற்கிறது: கண்ணில் படரத் தொடங்கிய புரை, மரத்தில் பிடித்த உக்கல். பச்சை வயலின் நடுவில் ஒரு பாய் அளவு இடம் மஞ்சளாகத் தெரிகிறது. போய்ப் பார்த்தால் தண்டடியில் அறக்கொட்டிப் பூச்சி. அதற்கு எங்களிடம் 'தலைகாட்டுது' என்ற சொல் இருக்கிறது. வருத்தம் தலைகாட்டும், சண்டை தலைகாட்டும். நல்ல விளைச்சல் தலைகாட்டுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

எம்பிரியோனிக்குக்கு ஒரு பனங்கொட்டையை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். பாத்தியில் போட்டுக் கிழங்கு முற்றமுன் எடுத்து வெட்டினால் உள்ளே பூரான் என்ற தின்னக்கூடிய வெள்ளைப் பருப்பு இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கொட்டைதான். மரத்துக்கு வேண்டியது எல்லாம் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. ஒரு திட்டத்தை எம்பிரியோனிக் என்றால் அதுதான் கருத்து. பூரானைப் பிறகு யார் தின்பது என்பதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

நேசன்ட், 'பிறத்தல்' என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நேச்சர், நேஷன், நேட்டிவ் எல்லாம் அதே வயிற்றுப் பிள்ளைகள். இயக்கம், தொழில், நம்பிக்கை போன்றவற்றோடு வரும். பழைய இரசாயனப் புத்தகங்களில் நாகத்தை (துத்தநாகத்தை) அமிலத்தில் போட்ட கணத்தில் கிளம்பும் ஐதரசனுக்கும் இந்தப் பெயர். ஆனால் நேசன்ட் பேபி எழுத முடியாது. உண்மையாகவே பிறந்த பிள்ளைக்கு 'நியூபோர்ன்' போதும். பிறப்பு உவமையாக இருக்கும் இடத்தில்தான் நேசன்டுக்கு வேலை.

அகராதி ஏன் கைவிட்டது என்றால், தமிழ் இந்த வேறுபாடுகளைப் பெயர்ச்சொற்களிலேயே வைத்துவிட்டது. தென்னைக்குக் குரும்பட்டி, மாவுக்கு வடு, வாழைக்குக் கச்சல், பனைக்கு வடலி. எதையும் இடம் மாற்ற முடியாது. மாவில் குரும்பட்டி காய்க்காது. ஆங்கிலப் பெயரடைகள் ஊர் ஊராகத் திரிகிறவை. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தரத் தமிழ்ச் சொல் தேடாமல், அதற்குப் பின்னால் எந்தப் பெயர் வருகிறது என்று பார்த்து மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

பின்வாங்கில் பொடியனின் கேள்விதான் வகுப்பிலேயே நல்ல கேள்வி. குடலைக்கு அந்த நாலில் ஒன்றும் பொருந்தாது. நெல் ஆராய்ச்சிக்காரர் அந்தப் பருவத்தை 'பூட்டிங்' என்கிறார்கள். கதிரைப் பொத்திக்கொண்டு வீங்கி நிற்கும் கடைசி இலையின் மடல் அவர்களுக்கு 'பூட்'. பயிருக்குக் கிட்டப் போனதும் அவர்களும் பெயரடையை வரம்பில் விட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள்.

கதிர் வெளியே வரமுன் அவனிடம் சொல்லிவிடுங்கள்.