மிலோஷ் ராவ்னிச்: கனடாவின் கதவைத் திறந்த சர்வ் — கேள்வி பதில்

கனடா டென்னிஸ் வீரர் மிலோஷ் ராவ்னிச்சின் ஆட்ட வாழ்க்கை குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளைத் தொகுத்துக் கீழே பதில் அளித்திருக்கிறேன். 2011ஆம் ஆண்டு முதல் அவருடைய ஆட்டங்களை இயன்றவரை தவறவிடாமல் பார்த்து வந்தவன் என்ற முறையில், எனக்கு உறுதியாகத் தெரிந்ததையும் என் கருத்தையும் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அவருடைய பெயர் கனடியப் பெயராகத் தெரியவில்லையே? நம் நாளிதழ்களில் ‘ராவ்னிக்’ என்றும் எழுதுகிறார்கள்.

அது செர்பிய, மாண்டினீக்ரோ மக்களிடையே வழங்கும் பெயர். இறுதியில் வரும் ஒலி ‘ச்’ என்பதே சரி. அவர் 1990 டிசம்பர் 27 அன்று, அப்போது யுகோஸ்லாவியாவில் டிட்டோகிராட் என்று அழைக்கப்பட்ட, இன்று மாண்டினீக்ரோவின் தலைநகராக இருக்கும் போட்கோரிட்சாவில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் பொறியாளர்கள். யுகோஸ்லாவியா உடைந்து போர் மூண்ட காலத்தில், 1994இல், குடும்பம் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள பிராம்ப்டனுக்குக் குடிபெயர்ந்தது. அப்போது மிலோஷுக்கு மூன்று வயது. அவர் டென்னிஸ் கற்றது முழுக்கக் கனடாவில்தான்.

கேள்வி: ஆறடி ஐந்து அங்குல உயரம் இருந்தால் யார் வேண்டுமானாலும் அவரைப் போல சர்வ் (ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கும் முதல் அடி) போடலாம் என்று என் நண்பர் வாதிடுகிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உயரம் உதவும் என்பதை மறுக்க முடியாது. 196 சென்டிமீட்டர் உயரமுள்ளவர் கையை முழுதாக நீட்டி அடிக்கும்போது பந்து வலையைத் தாண்டிக் கீழ்நோக்கி இறங்கும் கோணமே வேறு. ஆனால் அதே உயரத்தில் எத்தனையோ வீரர்கள் முதல் நூறு இடங்களுக்கு வெளியிலேயே காலம் கழித்திருக்கிறார்கள்.

ராவ்னிச்சின் சர்வ் சிறு வயதில் செதுக்கப்பட்டது. எட்டு வயதளவில் அவர் டொராண்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில்லில் கேசி கர்ட்டிஸ் என்ற பயிற்சியாளரிடம் சேர்ந்தார். உள்ளரங்கு ஆடுகளத்தின் வாடகை பகலில் கட்டுப்படியாகாது என்பதால், விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் தந்தையுடன் சென்று பந்தெறியும் எந்திரத்தை எதிர்த்து ஆடிப் பழகினார். அமெரிக்க வீரர் பீட் சாம்ப்ராஸின் ஆட்டங்களைத் தந்தை ஒளிநாடாவில் பதிவு செய்து கொடுக்க, மகன் அவற்றைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். சாம்ப்ராஸிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது வேகத்தை அல்ல, மறைப்பை என்பது என் கருத்து. பந்தை மேலே தூக்கிப் போடும் இடம் மாறாமல் இருப்பதால், அது அகலமாகப் போகுமா, நடுக்கோட்டுக்கு வருமா என்பதை எதிராளியால் முன்கூட்டிக் கணிக்க இயலாது. இரண்டாவது சர்வ் இன்னும் அபாயகரமானது: தரையில் பட்டதும் தோளுக்கு மேல் எழும்பும். தம் தொழில் வாழ்க்கை முழுவதிலும் தம் சர்வீஸ் கேம்களில், அதாவது தாம் சர்வ் செய்யும் கேம்களில், பத்தில் ஒன்பதுக்கு மேல் அவர் வென்றிருப்பதற்கு, அந்த இரண்டாவது சர்வே பெரிய காரணம்.

கேள்வி: அவர் எப்போது தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார்? படிப்பை விட்டுவிட்டாரா?

2007இல் மாண்ட்ரியலில் தேசியப் பயிற்சி மையம் திறக்கப்பட்டபோது முதலில் சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர இருந்தவர், 2008இல் கடைசி நேரத்தில் முடிவை மாற்றினார். இரண்டு ஆண்டுகளுக்குள் முதல் நூறு இடங்களுக்குள் வராவிட்டால் படிப்புக்குத் திரும்ப வேண்டும் என்பது பெற்றோருடன் செய்துகொண்ட ஏற்பாடு. அவர் ஆடிக்கொண்டே அஞ்சல் வழியில் நிதித் துறைப் பாடங்களும் படித்தார்.

திருப்பம் 2011 ஜனவரியில் வந்தது. தரவரிசையில் 152ஆம் இடத்தில் இருந்தவர், ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்து, முதல் பத்து இடங்களுக்குள் இருந்த மிகைல் யூஷ்னியை வீழ்த்தி, நான்காம் சுற்றை எட்டினார். அடுத்த மாதமே சான் ஹோசேயில் ஃபெர்னாண்டோ வெர்டாஸ்கோவை வென்று முதல் பட்டம் பெற்றார். அதே பட்டத்தை 2012, 2013 ஆண்டுகளிலும் தக்கவைத்துக்கொண்டார்.

கேள்வி: அவர் சென்னையில் பட்டம் வென்றார் என்பது உண்மையா? அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள், ஐயா.

உண்மை. 2012 ஜனவரியில் நுங்கம்பாக்கம் விளையாட்டரங்கில் நடந்த சென்னை ஓபன் இறுதிச் சுற்றில் செர்பியாவின் யான்கோ டிப்சாரெவிச்சை 6-7, 7-6, 7-6 என்ற செட் கணக்கில் வென்றார். மூன்று செட்டும் டைபிரேக், அதாவது 6-6 என்று சமனான பிறகு செட்டை முடிவு செய்யும் கூடுதல் கேம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் நடந்த அந்த ஆட்டத்தில் இருவரில் ஒருவர்கூட ஒரு சர்வீஸ் கேமையும் இழக்கவில்லை.

அன்று நான் மேல்வரிசையில் அமர்ந்திருந்தேன். தொலைக்காட்சியில் புலப்படாத ஒன்று நேரில் புலப்பட்டது. அது பந்தின் ஓசை. மட்டையில் படும் ஓசையும், பின்னால் கட்டியிருந்த திரையில் பந்து மோதும் ஓசையும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டன. விளையாட்டுக் கண்ணாடி அணிந்திருந்த டிப்சாரெவிச் பல முறை மட்டையை அசைக்காமலேயே அடுத்த பக்கத்துக்கு நடந்து போனார். ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதால்தான் ஆட்டம் அவ்வளவு நீண்டது.

இன்னொரு செய்தி பலருக்கு நினைவில் இருக்காது. அந்தப் போட்டித் தொடரில் ராவ்னிச் ஆடிய நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து 48 சர்வீஸ் கேம்கள், நாற்பத்தெட்டையும் வென்றார். 2008இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர் அவ்வாறு செய்த பிறகு, ஒரு சர்வீஸ் கேமும் இழக்காமல் பட்டம் வென்றவர் அதுவரை வேறு எவரும் இல்லை. அரையிறுதியில் அவர் வென்ற நிக்கோலஸ் அல்மாக்ரோவும் இறுதியில் வென்ற டிப்சாரெவிச்சும் அப்போது முதல் பத்து இடங்களுக்குள் இருந்தவர்கள். சென்னையில் நடந்த அந்தப் போட்டி 2018இல் புனேவுக்குப் போய்விட்டது. அந்த இழப்பு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: கிராண்ட் ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகள்) ஒற்றையர் இறுதிக்கு வந்த முதல் கனடிய ஆண் ராவ்னிச் என்கிறார்கள். மாண்ட்ரியலில் பிறந்த கிரெக் ருசெட்ஸ்கி 1997இல் அமெரிக்க ஓபன் இறுதியில் ஆடினாரே?

ஆடினார், ஆனால் 1995இல் அவர் பிரிட்டனுக்கு மாறிவிட்டார். கனடாவுக்காக ஆடி, 2016 விம்பிள்டனில், அந்த இடத்தை எட்டிய முதல் ஆண் ராவ்னிச்தான். 2013 ஆகஸ்டில் ஒற்றையர் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் கனடிய ஆணும் அவரே.

கேள்வி: 2016 விம்பிள்டன் அரையிறுதியில் ஃபெடரர் தோற்றதற்கு அவருடைய வயதுதான் காரணம், ராவ்னிச்சின் திறமை அல்ல என்று சொல்லலாமா?

சொல்லலாகாது என்பேன். அந்த ஆட்டத்துக்கு முன் ஃபெடரர் விம்பிள்டனில் ஆடிய பத்து அரையிறுதிகளிலும் வென்றிருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2014இல், அதே அரையிறுதியில் ராவ்னிச்சை 6-4, 6-4, 6-4 என்று எளிதாக வென்றவரும் அவர்தான். எனவே இரு ஆண்டுகளில் மாறியது என்ன என்றே நாம் பார்க்க வேண்டும். 2014இல் ராவ்னிச் சர்வ் போட்டுவிட்டுப் பின்கோட்டிலேயே நின்றார். 2016இல் வலைக்கு முன்னேறினார். அந்தப் புல்தரைப் பருவத்தில் முன்னாள் முதல்நிலை வீரர் ஜான் மெக்கன்ரோ அவருடைய பயிற்சிக் குழுவில் இருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

ஆட்டம் 6-3, 6-7, 4-6, 7-5, 6-3 என்று முடிந்தது. நான்காம் செட்டில் 5-6 என்ற நிலையில் ஃபெடரர் சர்வ் செய்தார். 40-0 என்று முன்னிலையிலும் இருந்தார். அந்த இடத்தில், அவரிடம் நாம் காணவே காணாத ஒன்றாக, அடுத்தடுத்து இரண்டு டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறிப் புள்ளியை இழப்பது). அந்தக் கேமை ராவ்னிச் விடாமல் இழுத்துப் பிடித்து, செட்டையே எடுத்துக்கொண்டார். ஐந்தாம் செட்டில் ஃபெடரர் புல்லில் கால் வழுக்கி விழுந்தார். அந்தக் கேமிலேயே ராவ்னிச் பிரேக் எடுத்தார், அதாவது ஃபெடரர் சர்வ் செய்த கேமை வென்றார். ஃபெடரர் பக்கம் பிழை இருந்தது என்பது மெய்தான். ஆனால் இரண்டு செட்டுக்கு ஒன்று என்று பின்தங்கியிருந்த ஒருவர், அரங்கம் முழுவதும் எதிராளியின் பக்கம் இருக்கும்போது, கிடைத்த சிறு வாய்ப்பை நழுவவிடாமல் பிடித்துக்கொண்டதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. அதே தொடரின் நான்காம் சுற்றிலும் டேவிட் கோஃபானிடம் முதல் இரண்டு செட்டை இழந்த பிறகே மீண்டு வந்தார்.

கேள்வி: அப்படியானால் இறுதியில் பிரிட்டனின் ஆண்டி மர்ரியிடம் ஏன் நேர் செட்டில் தோற்றார்?

மர்ரி அக்காலத்தில் சர்வைத் திருப்பி அடிப்பதில் தலைசிறந்த இருவரில் ஒருவர். அந்த இறுதியில் ராவ்னிச் மணிக்கு 147 மைல், அதாவது ஏறத்தாழ 236 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சர்வ் போட்டார்; மர்ரி அதைத் திருப்பி அடித்து அந்தப் புள்ளியையும் வென்றார். 6-4, 7-6, 7-6 என்ற முடிவு அந்த ஒரு புள்ளியிலேயே அடங்கியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

தலைசிறந்த மற்றொருவர் செர்பியாவின் நோவாக் ஜோகோவிச். அவருடன் மோதிய 12 ஆட்டங்களில் ஒன்றில்கூட ராவ்னிச் வெல்லவில்லை. சர்வ் திரும்பி வந்துவிட்டால் அடுத்த பந்தை ஃபோர்ஹேண்டில் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் பேக்ஹேண்ட் பக்கம் சிக்கிக்கொள்வார். நீண்ட கால்கள் பக்கவாட்டில் விரைந்து நகரவும் இடம் தரவில்லை. எதிராளி சர்வ் செய்யும்போது இவரால் பிரேக் எடுப்பது அரிதாக இருந்ததால், பல ஆட்டங்கள் டைபிரேக்கின் இரண்டொரு புள்ளிகளில் தொங்கின. இந்தக் குறைகளை மறைத்துப் பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கேள்வி: உடற்காயங்கள் இல்லாதிருந்தால் ஒரு கிராண்ட் ஸ்லாமாவது வென்றிருப்பாரா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கும் மனத்தில் நெடுநாளாக இருக்கும் கேள்வி இது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 2011 விம்பிள்டனில் புல்லில் வழுக்கி விழுந்து இடுப்பில் அறுவைச் சிகிச்சை. 2015இல் பாதத்தில் நரம்பு அழுத்தத்துக்காக அறுவைச் சிகிச்சை. 2017இல் மணிக்கட்டில். 2021 கோடை முதல் 2023 ஜூன் வரை, குதிகால் நாண் காயம் உள்ளிட்ட தொல்லைகளால், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை.

இவற்றில் என்னை மிகவும் வருத்துவது அறுவைச் சிகிச்சை எதுவும் தேவைப்படாத ஒரு காயம். 2016 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதியில் மர்ரிக்கு எதிராக இரண்டு செட்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் பிரிஸ்பேன் இறுதியில் ஃபெடரரை நேர் செட்டில் வென்றிருந்தார். நான்காம் சுற்றில் வாவ்ரிங்காவையும் வென்று வந்திருந்தார். அந்த நிலையில் தொடையின் உட்தசை பிடித்துக்கொண்டது. சர்வ் போட்டு இடது காலில் இறங்கும் ஒவ்வொரு முறையும் முகம் சுளிப்பதைக் கண்டோம். கடைசி இரண்டு செட்டும் 6-4, 6-2 என்று மர்ரியிடம் போயின. ஆட்டத்தின் நடுவே மட்டையைத் தரையில் அடித்து உடைத்தார். எப்போதும் உணர்ச்சியை வெளிக்காட்டாத அவர் அப்படிச் செய்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

வென்றிருந்தால் இறுதியில் ஜோகோவிச் காத்திருந்தார் என்பதை மறக்கக் கூடாது. எனவே ‘நிச்சயமாகப் பட்டம் வென்றிருப்பார்’ என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2016 நவம்பரில் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடத்தை எட்டிய ஒருவர் அடுத்த சில ஆண்டுகளில் முழு உடல்நலத்தோடு ஆடியிருந்தால், மேலும் இரண்டு மூன்று இறுதிகளாவது வந்திருக்கும் என்று நம்புகிறேன். காயங்களுக்கு இடையிலும் 2018 விம்பிள்டனிலும், 2019, 2020 ஆஸ்திரேலிய ஓபன்களிலும் காலிறுதி வரை வந்தாரே!

கேள்வி: பயிற்சியாளர்களை அடிக்கடி மாற்றியது தவறா?

கலோ பிளாங்கோ, இவான் லுபிச்சிச், ரிக்கார்டோ பியாட்டி, கார்லோஸ் மோயா, ரிச்சர்ட் கிராய்செக், கோரான் இவானிசெவிச் என்று பட்டியல் நீளம்தான். ஆனால் ஒவ்வொருவரிடமும் குறிப்பிட்ட ஒன்றைக் கற்கவே அவர் சென்றார் என்று எனக்குப் படுகிறது. லுபிச்சிச், பியாட்டி காலத்தில் அவருடைய ஆட்டம் தெளிவாக வளர்ந்தது. 2017க்குப் பிறகு வந்த மாற்றங்கள் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை.

கேள்வி: இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்து ஏதாவது சாதித்தாரா?

2024 ஜூனில், லண்டன் குவீன்ஸ் கிளப் போட்டியின் முதல் சுற்றில், கேமரன் நாரிக்கு எதிராக 47 ஏஸ்கள் (எதிராளியின் மட்டையில் படாமலே புள்ளி தரும் சர்வ்கள்) போட்டார். மூன்று செட் ஆட்டம் ஒன்றில் அதுவரை ஐவோ கார்லோவிச் வைத்திருந்த 45 ஏஸ் சாதனை அன்று முறிந்தது. அப்போது ராவ்னிச்சுக்கு 33 வயது.

கேள்வி: நான் அவருடைய ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை. ஒரே ஓர் ஆட்டம் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம், அண்ணா?

ஃபெடரரை வென்ற அரையிறுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சோங்காவிடம் மூன்றாம் செட்டை 25-23 என்று இழந்த ஆட்டமும் உண்டு. ஆனால் அது பொறுமையைச் சோதிக்கும். நான் பரிந்துரைப்பது 2016 நவம்பரில் லண்டனில் நடந்த ஆண்டு இறுதிப் போட்டியின் அரையிறுதி. எதிராளி மீண்டும் மர்ரி, உலகின் முதல்நிலை வீரர், சொந்த நாட்டுக் கூட்டம். முதல் செட்டை ராவ்னிச் 7-5 என்று எடுத்தார். இரண்டாவது டைபிரேக்கில் போனது. மூன்றாம் செட்டில் மர்ரியின் கை ஓங்கியிருந்தபோதும் ராவ்னிச் விடாமல் ஒட்டிக்கொண்டு, அதையும் டைபிரேக்குக்குக் கொண்டுசென்றார். அதில் வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி போதும் என்ற நிலைக்கும் வந்தார். மர்ரி அதைத் தடுத்தார். 3 மணி 38 நிமிடம் நடந்த அந்த ஆட்டத்தின் கடைசி டைபிரேக் 11-9 என்று முடிந்தது. அந்த டைபிரேக்கை மட்டுமாவது பாருங்கள். இருபது புள்ளிகளில் ராவ்னிச் எத்தனை முறை வலைக்கு வருகிறார் என்பதை எண்ணிக்கொண்டே பாருங்கள்.