தீபாவளிக் கடைக்குப் போகும் முன்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு வங்கியின் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். தீபாவளிக்கு முந்தைய சம்பள வாரம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வேன்களும் மோட்டார்களும் வந்து சேரும். ஏடிஎம் வரிசை பக்கத்துக் கடை வாசல் வரை நீளும். கையில் பணம், மனதில் அவசரம். திருடனுக்கும் மோசடிக்காரனுக்கும் இந்த இரண்டும் சேர்ந்த நாள்தான் வேண்டும்.

சம்பளமும் போனஸும் வந்ததும் மொத்தமாக எடுத்துக்கொண்டு ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போவோம். பணத்தை எப்படிப் பத்திரமாக வைத்துக்கொள்வது? (ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வாசகி)

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா, மொத்தமாக எடுக்காதீர்கள். துணிக்கு எவ்வளவு, மளிகைக்கு எவ்வளவு, பலகாரத்துக்கு எவ்வளவு என்று வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுங்கள். அன்றைக்கு வேண்டியதை மட்டும் முதல் நாளே எடுத்து வையுங்கள்.

என் கண்முன் நடந்தது இது. ஒரு சனிக்கிழமை காலை, ஏடிஎம் கதவுக்கு வெளியே ஒரு அம்மா நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு மோட்டார் இஞ்சினை நிறுத்தாமல் நின்றது. அவர் நோட்டுகளைப் பையில் வைத்து, பத்திரம் என்று நினைத்து, பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தார். இருபது அடிகூடப் போகவில்லை. பையோடு சேர்த்து அவரையும் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. போன பணத்தைவிட, பால் வெட்டும் கத்தியைப் பிடிக்க முடியாமல் அவர் வீட்டில் இருந்த மூன்று மாதம்தான் அந்தக் குடும்பத்தை வாட்டியது.

ஆகவே பணத்தை உள்ளேயே எண்ணுங்கள். வாரைக் கையில் சுற்ற வேண்டாம். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், சாலையின் வலது ஓரமாக நடந்தால் வருகிற மோட்டார் உங்கள் கண்ணுக்குத் தெரியும். பை சுவர்ப் பக்கம் இருக்கட்டும். யாராவது பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். சில்லறைச் செலவுக்கு மட்டும் பையில் ஐம்பது வெள்ளி போதும். மீதிக்கு நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தாலிக்கொடியை ரவிக்கைக்குள் இறக்கி, துப்பட்டாவோ சால்வையோ போர்த்திக்கொள்ளுங்கள்.

கார்டுக்குப் பயப்பட வேண்டாம். கட்டுக்கட்டாகப் பணம் கொண்டுபோவதைவிட அது மேல். தட்டிச் செலுத்தும் முறையில் ஒரு தடவைக்கு 250 வெள்ளி வரை பின் எண் கேட்காது. அது உங்களுக்கு உறுத்தினால் வங்கியில் சொல்லி அந்த வசதியை நிறுத்திவிடலாம். பின் எண்ணை எழுதி கார்டோடு வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எத்தனை பேர் கார்டு உறையிலேயே எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்!

முகநூலில் மூன்று பட்டுச்சேலை 99 வெள்ளி என்று விளம்பரம். வாட்ஸ்அப்பில் கேட்டால் ஒரு தனி ஆளின் கணக்கில் பணம் போடச் சொல்கிறார்கள். நம்பலாமா?

வேண்டாம் அம்மா. மூன்று பட்டுச்சேலை அந்த விலைக்கு எந்தக் கடையிலும் கட்டுப்படியாகாது. கடையின் பெயர் ஒன்றாகவும் கணக்கின் பெயர் வேறாகவும் இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். புகார் இருந்தால் காட்டும். ஆனால் புகார் இல்லை என்று வந்தால் நல்லவர் என்று அர்த்தமில்லை. நேற்றுத் திறந்த கணக்கின் மேல் யார் புகார் கொடுத்திருப்பார்கள்?

'ஆர்டர் செய்ய இந்த ஆப்பை இறக்குங்கள்' என்று வாட்ஸ்அப்பில் கோப்பு வந்தால் தொடவே கூடாது. பெயரின் கடைசியில் ஏபிகே என்று இருக்கும். அதை ஏற்றினால் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியை அவர்களே படித்து, கணக்கைத் துடைத்துவிடுவார்கள். ஷாப்பி, லசாடா போன்ற இணையக் கடைத் தளங்களில் வாங்கினால் பணத்தை அந்தத் தளத்துக்குள்ளேயே கட்டுங்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கும் முன் 'கிடைத்தது' பொத்தானை அழுத்தாதீர்கள். பிரிப்பதை வீடியோ எடுத்து வைப்பது இன்னும் நல்லது.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டீர்களா? உடனே 997-ஐக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. போலீசும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் சேர்ந்து இயங்கும் இடம். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு நிமிடக் கணக்கில் தாவும். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டு ஒரு இரவைக் கழித்தால் பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது. முதலில் 997, அப்புறம் போலீஸ் புகார்.

'70% கழிவு' (தள்ளுபடி) என்கிறார்கள். உண்மையா ஏமாற்றா என்று எப்படித் தெரியும்?

இரண்டு வாரம் முன்பே அதே கடையில் விலைச்சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அதைவிடச் சாட்சி வேறில்லை. ரசீது கட்டாயம் வாங்குங்கள். விலை ஒட்டாமல் விற்றாலோ, சீட்டில் ஒரு விலை கல்லாவில் ஒரு விலை என்றாலோ உள்நாட்டு வாணிப அமைச்சுக்கு 1-800-886-800 எண்ணில் புகார் சொல்லலாம். கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம்.

கூட்டத்தில் பிள்ளை தொலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கிளம்பும் முன் பிள்ளையை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். அன்று போட்டிருக்கும் சட்டை அதில் தெரியும். உங்கள் எண்ணைப் பேனாவால் கையின் உள்பக்கம் எழுதுங்கள். 'காணோம் என்றால் தேடி அலையாதே, நின்ற இடத்திலேயே நில்' என்று சொல்லிக்கொடுங்கள். தூங்குகிறதே என்று காரில் மட்டும் விட்டுப் போகாதீர்கள், ஐந்து நிமிடத்துக்குக்கூட.

நண்பன் ஒருவன் என் ஏடிஎம் கார்டைக் கொஞ்ச நாள் கொடுத்தால் தீபாவளிச் செலவுக்கு 500 வெள்ளி தருவதாகச் சொல்கிறான். கணக்கில் பணமே இல்லை, எனக்கு என்ன நஷ்டம்? (செம்பனைத் தோட்ட இளைஞர், 20)

தம்பி, மேலே சேலைக்குப் பணம் போடச் சொன்ன கணக்கு என்றேனே, அது இப்படி ஒருவன் கொடுத்த கணக்காகத்தான் இருக்கும். ஏமாந்த அம்மா புகார் கொடுக்கும்போது போலீஸ் கையில் இருப்பது உன் பெயர், உன் அடையாள அட்டை எண். 2024-இல் திருத்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் வந்துவிட்டன. கணக்கு முடங்கும். தோட்டத்துச் சம்பளம் அதில்தானே வருகிறது?

கொடுக்காதே. கொடுத்துவிட்டாய் என்றால் இன்றைக்கே வங்கிக்கு போன் செய்து கார்டை நிறுத்து, உடனே போலீசில் புகார் எழுதிக் கொடு. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் அப்பாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போ. அவர்கள் திட்டுவார்கள், பரவாயில்லை.