தாத்தா வைத்த பலா – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்களுக்குப் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டுக்குப் பின்னால் தாத்தா வைத்த பலா ஒன்று இருந்தது. நல்ல வருக்கை. சுளை மஞ்சளாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். 2011 கோடையில் தின்ற பழத்தின் கொட்டைகள் நாலைந்தை அப்பா வேலியோரம் ஊன்றினார். அந்த டிசம்பரில் தானே புயல் வந்து தாய்மரம் முறிந்து விழுந்தது. அறுத்து விற்றுவிட்டோம்.

கொட்டையில் வந்த கன்றுகளில் இரண்டு நின்றன. இரண்டும் இப்போது காய்க்கின்றன. ஒன்றின் சுளை வெளுப்பு, நார், கையில் எடுத்தால் கூழாகிறது. இன்னொன்று பரவாயில்லை, ஆனால் அந்த ருசி இல்லை. 'போர்த் தண்ணி வந்த பிறகு மண்ணே மாறிப்போச்சு' என்கிறார் மாமா. அதே மண்ணில் எலுமிச்சை விதை போட்டால் மட்டும் தாய் மாதிரியேதான் வருகிறது.

பட்டாணிச் செடியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டலைப் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். என் சந்தேகம் வேறு. நல்ல மரத்தின் பிள்ளை நல்ல மரமாக வராது என்றால், தகுதியுள்ளது பிழைத்துத் தழைக்கும் என்பது எப்படி நடக்கும்? சேர்ந்த நல்ல குணமெல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலும் கலைந்துபோகிறதே?

பழைய அடிக்கட்டையில் வந்த தளிரை ஆடு கடித்துக்கொண்டே இருந்தது. மூன்று வருடம் முன்பு வேலி கட்டிய பிறகு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு ஒட்டுக்கன்று வைக்கலாம் என்கிறார் அப்பா. எந்த ஒட்டு நல்லது என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
பண்ருட்டி பக்கத்து வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

மாமா சொல்வதை முழுக்கத் தள்ள முடியாது. மழை பெய்த வாரத்தில் அறுத்த பழம் சப்பென்று இருப்பது நமக்கெல்லாம் தெரியும். தண்ணீரும் மண்ணும் இனிப்பை ஏற்றும், இறக்கும். ஆனால் வருக்கையைக் கூழாக்குவது மண்ணின் வேலை இல்லை. ஒரே வேலியோரத்தில் நிற்கும் இரண்டு மரம் இரண்டு விதமாகக் காய்க்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை மாமாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பலாவில் ஆண் கொத்தும் பெண் கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியாக வரும். விரல் நீளத்தில் வந்து, சில நாளில் கறுத்து, பூஞ்சை பிடித்து உதிருமே, 'பிஞ்செல்லாம் கொட்டுது' என்று உரக்கடைக்கு ஓடுவார்களே, அதில் பெரும்பகுதி பிஞ்சே இல்லை. மகரந்தம் கொடுத்து வேலை முடிந்த ஆண் கொத்து. பெண் கொத்துதான் பழமாகிறது. ஒரு பலாப்பழம் ஒரு பூவிலிருந்து வருவதில்லை. நூற்றுக்கணக்கான பூக்கள் ஒட்டிக்கொண்டு ஒரு பழமாகின்றன. வெளியே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. கரு பிடித்த பூ சுளை, பிடிக்காதது சடை.

நாம் தின்னும் சுளைச்சதை அந்தப் பூவின் உறை தடித்து உண்டானது. அதாவது அது முழுக்கத் தாய்மரத்தின் உடம்பு. தகப்பன் மரம் எதுவாக இருந்தாலும் சுளை தாயின் ருசியில்தான் இருக்கும். தகப்பன் உள்ளே நுழையும் இடம் கொட்டைக்குள் இருக்கும் முளை மட்டுமே. அந்தத் தகப்பன் காற்றிலும் சின்னப் பூச்சிகளின் காலிலும் வந்தவன். பெரும்பாலும் அடுத்த தோப்புக்காரன். ஒரே பழத்தில் பக்கத்துப் பக்கத்துச் சுளைக்கு வேறு வேறு தகப்பன் இருக்கலாம். உங்கள் வீட்டில் எல்லோரும் தின்றது தாத்தா மரத்தை. அப்பா ஊன்றியது தாத்தா மரத்தில் பாதியையும் யாரென்று தெரியாத ஒரு மரத்தில் பாதியையும்.

தாத்தா மரத்தின் அந்தப் பாதியும் எந்தப் பாதி என்று சொல்ல முடியாது. பலாவின் உயிரணுவில் மரபுக் குணங்களைச் சுமக்கும் குரோமோசோம் 56, அதாவது 28 இணை. ஒவ்வொரு இணையிலும் ஒன்றுதான் சூலுக்குள் போகும். இருபத்தெட்டு முறை காசைச் சுண்டிப் பார்த்தால் எத்தனை விதமாக விழும்? 26 கோடியே 84 லட்சத்துக்கு மேல். இணைக்குள்ளேயே துண்டுகள் இடம் மாறிக்கொள்வதை இதில் நான் சேர்க்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் உங்கள் இரண்டாவது மரம் 'பரவாயில்லை' என்று வந்ததே பெரிது.

எலுமிச்சை வேறு கதை. அதன் விதைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் இருக்கும். அவற்றில் பல, தகப்பன் கலக்காமல், தாயின் திசுவிலிருந்தே உண்டானவை. விதை என்று பெயர், உண்மையில் அது தாயின் நகல். ஒரு விதை போட்டு இரண்டு மூன்று செடி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். மெண்டலே இந்த வகையிடம் ஏமாந்திருக்கிறார். பட்டாணிக்குப் பிறகு ஹாக்வீட் என்ற செடியை எடுத்துக்கொண்டார். அதுவும் தகப்பனில்லாமல் விதை வைக்கும் சாதி. பட்டாணியில் கண்ட கணக்கு எதுவும் அதில் வரவில்லை. பாவம், ஏன் என்று தெரியாமலே 1884-இல் போய்ச் சேர்ந்தார்.

இனி உங்கள் உண்மையான சந்தேகம். முதலில் ஒரு சின்னத் திருத்தம்: தகுதியுள்ளது பிழைக்கும் என்ற வாசகம் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவவாதியுடையது. டார்வின் பின்னால் எடுத்துக்கொண்டார். சந்தேகம் மட்டும் பழைய, கௌரவமான சந்தேகம். 1867-இல் ஃப்ளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர் ஏறத்தாழ இதையே கேட்டார். கடலுக்கடியில் தந்திக் கம்பி போடுவது அவர் தொழில். தாயும் தகப்பனும் பிள்ளையில் கரைந்து கலக்கிறார்கள் என்றுதான் அப்போது எல்லோரும் நினைத்தார்கள். அப்படியானால் ஒரு கிண்ணம் கெட்டித்தயிரைக் குடம் தண்ணீரில் ஊற்றிய கதைதான். ஒருத்தனுக்கு நல்ல குணம் வாய்த்தால் பிள்ளைக்குப் பாதி, பேரனுக்குக் கால், அப்புறம் வெறும் தண்ணீர். இயற்கைத் தேர்வு வேலை செய்வதற்குள் குணம் காணாமல் போய்விடும். டார்வினை இது நிஜமாகவே சங்கடப்படுத்தியது. அவரிடம் சரியான பதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால் பதில் முந்தைய ஆண்டே அச்சாகிவிட்டது. 1866-இல், இன்றைய செக் நாட்டுப் பிரனோ நகரத்து அறிவியல் சங்க மலரில், மெண்டல் எழுதியது. 1900 வரை அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் சேர்த்தார். முதல் தலைமுறை அத்தனையும் உருண்டை. சுருக்கம் செத்தது என்றுதான் தோன்றும். அடுத்த தலைமுறையில் 7,324 விதைகளை எண்ணினார்: 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். பரீட்சைக்கு நாம் படித்தது மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை. ஜென்கினுக்குப் பதில் இருப்பது வேறு இடத்தில்: திரும்பி வந்த சுருக்கம் அரைச்சுருக்கமாக வரவில்லை, முழுசாக வந்தது. தயிர் கரையவில்லை. ஒளிந்திருந்தது, அவ்வளவுதான்.

ரம்மி ஆடுவீர்களா? எங்கள் தெருவில் பொங்கல் லீவில் திண்ணைக்குத் திண்ணை அதுதான். ஒரு ஆட்டத்தில் அருமையான கை சேர்கிறது. ஆட்டம் முடிந்ததும் கலைத்துப் போடுகிறார்கள். கை போயிற்று. சீட்டு எங்கே போகும்? கட்டுக்குள்தான் கிடக்கிறது. உங்கள் தாத்தா மரம் ஒரு கை, அதன் ஒவ்வொரு மரபணுவும் ஒரு சீட்டு. கொட்டை அதைக் கலைத்துவிட்டது. நீங்கள் கேட்பது, கை நிற்காதபோது தேர்வு எதைப் பிடித்துக்கொள்ளும் என்று. சீட்டைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கையில் போய்ச் சேர்ந்தாலும் ஜோக்கர் உதவும் இல்லையா? அதுபோலப் பல கைகளில் சராசரியாகக் கொஞ்சம் உதவும் சீட்டு, ஒவ்வொரு தலைமுறையிலும் தன் நகலை மற்றதைவிடக் கொஞ்சம் அதிகமாக விட்டுச் செல்லும். நூற்றுக்கு ஒன்று என்ற அற்பச் சாதகம் போதும். கூட்டத்தில் நூற்றில் ஒன்றாக இருந்த சீட்டு நூற்றில் தொண்ணூற்றொன்பதாக ஏற 900 தலைமுறைக்குச் சற்று அதிகம் ஆகும். கொசுவுக்கு அது சில பத்தாண்டு. பலாவுக்குப் பல ஆயிரம் ஆண்டு. இனிப்பு மாதிரிப் பல சீட்டுகள் சேர்ந்து தீர்மானிக்கும் குணத்துக்கும் மெண்டலின் கணக்கே பொருந்தும் என்று 1918-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் நிறுவினார். அந்தக் கணிதத்துக்குள் இங்கே போனால் நீங்களும் திரும்பி வரமாட்டீர்கள், நானும் வரமாட்டேன்.

சரி, கலைப்பதே சீட்டுகளின் எண்ணிக்கையை மாற்றிவிடாதா? உருண்டை மாதிரி ஓங்கிய குணம், சுருக்கம் மாதிரி ஒடுங்கிய குணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடாதா? இதையும் கேட்டார்கள். கேம்பிரிட்ஜில் ரெஜினால்ட் புன்னெட் என்ற மரபியலாளர் தன் கிரிக்கெட் கூட்டாளி ஒருவரிடம் போய் நின்றார். அந்தக் கூட்டாளி ஜி. ஹெச். ஹார்டி. ஐந்து வருடம் கழித்து, 1913-இல், சென்னைத் துறைமுகக் குமாஸ்தா ஒருவரின் கடிதத்தைப் பிரித்து ராமானுஜனைக் கண்டுகொண்ட அதே ஹார்டி. 1908-இல் ஒரு சின்னக் கடிதத்தில், பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு மேல் போகாத கணக்கில் முடித்துவிட்டார்: கூட்டம் பெரிதாக இருந்து, சேர்க்கை ஆள் பார்க்காமல் நடந்து, தேர்வோ வெளியிலிருந்து வரவோ இல்லாவிட்டால், விகிதம் அப்படியே இருக்கும். அதே ஆண்டு ஜெர்மனியில் வெயின்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். தன் கணிதம் எதற்கும் உபயோகப்படாதது என்று பெருமைப்பட்டவர் ஹார்டி. இன்று உயிரியல் மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் பாஸ் ஆக முடியாது.

அவர் போட்ட நிபந்தனைகளில் 'கூட்டம் பெரிதாக இருந்து' என்பதை நம் மாவட்டம் ஒரே இரவில் உடைத்துப் பார்த்தது. 2011 டிசம்பர் 30, விடியற்காலை. நான் கடலூரில்தான் இருந்தேன். வெளிச்சம் வந்து கதவைத் திறந்தபோது எதிர்வீட்டு வேம்பு மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு தெருவில் படுத்திருந்தது. சில நாள் கழித்துப் பண்ருட்டி பக்கம் போனேன். முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்த கோலத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் காற்று சுளையைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தள்ளவில்லை. தித்திப்பும் விழுந்தது, சப்பும் விழுந்தது. தேர்வு இல்லாமல், வெறும் குருட்டு வாக்கில் கட்டிலிருந்து சீட்டு பறிபோவது இப்படித்தான். ஒரு தோப்பில் பத்தே மரம் தப்பியது என்று வையுங்கள். பொதுவான வேறுபாட்டில் 95 சதவீதம் அந்தப் பத்திலேயே மிஞ்சும், அதுவரை நிம்மதி. ஆனால் இருபது சீட்டுக்கு ஒன்று என்று இருந்த அரிய சீட்டு, பத்து மரத்திலும் இல்லாமல் அடியோடு தொலைந்திருக்க மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. தாழக் கிளைத்த மரங்கள் அதிகம் தப்பி, தாழக் கிளைப்பது கொட்டை வழியே இறங்கும் குணமாகவும் இருந்தால், அந்த அளவுக்கு அது தேர்வு. வீட்டுச் சுவர் மறைவில் நின்றதால் தப்பியிருந்தால் இல்லை. சுவர் கொட்டைக்குள் இறங்காது.

புயலுக்குப் பிறகு நட்டவர்களில் பலர் ஒட்டுக்கன்று நட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். சீக்கிரம் காய்க்கும், என்ன காய்க்கும் என்றும் தெரியும். கையைக் கலைக்காமல் அப்படியே வைத்திருப்பதுதான் ஒட்டு. ஆனால் தோப்பு முழுக்க ஒரே கை என்றால், அந்தக் கையை வெல்லும் நோய் ஒன்று வந்தால் போதும். கரும்பில் நாம் பார்த்ததுதானே? கரணை வைப்பதும் நகல் எடுப்பதுதான். கோசி 671 என்ற கரும்பு ரகம் நினைவிருக்கும் உங்கள் அப்பாவுக்கு. பெயரில் உள்ள 'சி' நம் கடலூர். சர்க்கரைச் சத்துக்குப் பேர்போனது, செவ்வழுகல் நோயில் மாட்டியது. அதனால் வேலியோரத்து இரண்டையும் விட்டுவையுங்கள். கூழ்ப்பழம் தருவது வாய்க்கு உதவாது, பிஞ்சிலேயே பலாமூசாகப் பறித்துப் பொரியல் செய்யுங்கள். தாத்தா மரத்தின் சீட்டில் பாதி அதற்குள்ளும் இருக்கிறது.

எந்த ஒட்டு என்று கேட்டீர்கள். பாலூர் 1 நல்லது. உங்களுக்குப் பக்கத்துப் பனிக்கன்குப்பத்தில் நன்றாகக் காய்த்த ஒரு மரத்திலிருந்து தேர்ந்தெடுத்த ரகம் அது. அதாவது இன்னொருவர் வீட்டுத் தாத்தா மரம்.

ஆனால் அதை வைப்பதற்காக அடிக்கட்டைத் தளிரை எடுக்கச் சொல்கிறாரே அப்பா, தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கடிதத்தில் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நான் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன். அடிமரத்திலிருந்து கிளைத்தது கொட்டையில் வந்தது மாதிரி இல்லை. அதில் மகரந்தம் கிடையாது, கலைப்பும் கிடையாது. தாத்தா கொட்டை ஊன்றி வளர்த்த மரமாக இருந்தால் வேரும் தண்டும் ஒரே செடி. அந்தத் தளிர்தான் தாத்தா மரம். ஒட்டுக்கன்றாக வைத்திருந்தால் மட்டும், தளிர் ஒட்டுக்கு மேலே கிளம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அப்பாவைக் கேளுங்கள். இல்லையென்றால் மண்ணை லேசாக விலக்கி, அது கட்டையிலிருந்துதான் வருகிறது, பக்கத்தில் விழுந்த கொட்டை முளைத்ததல்ல என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிறகு பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்திலோ, கைப்பழக்கம் உள்ள நாற்றங்கால்காரரிடமோ கேட்டு, அதிலிருந்து குச்சி எடுத்து நாலைந்து கன்று கட்டிவிடுங்கள். மாமா வீட்டில் ஒன்று வையுங்கள், அந்த மண்ணையும் பார்த்துவிடலாம். அதுவரை வேலியை இன்னும் ஓர் அடி உயர்த்துங்கள். முன்னங்காலைத் தூக்கி நின்றால் ஆட்டுக்கு எவ்வளவு எட்டும் என்று உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
கடலூர்