நிமிர்ந்து வாசிப்பது எப்படி? டிவி செய்தி அரங்கம் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: முன்பெல்லாம் தாளைக் குனிந்து பார்த்து வாசித்தார்கள். இப்போது நம்மையே பார்த்துப் பேசுகிறார்களே, மனப்பாடமா?

டெலிப்ராம்ப்டர்தான். லென்சுக்கு முன்னால் 45 டிகிரி சாய்வில் ஒரு கண்ணாடி. கீழே படுத்திருக்கும் மானிட்டரில் எழுத்து இடவலம் மாறி ஓடும், கண்ணாடியில் பட்டு நேராகத் தெரியும். லென்சைச் சுற்றிக் கறுப்புத் துணி மூடாவிட்டால் பின்பக்க வெளிச்சம் புகுந்து எழுத்து வெளிறிவிடும். தமிழில் பலர் சறுக்குவது வரி அகலத்தில். 'அறிவுறுத்தப்பட்டுள்ளதாக' என்ற ஒற்றைச் சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். அதற்காக வரியை அகலமாக்கினால் வாசிப்பவரின் கண் இங்குமங்கும் ஓடுவது வீட்டில் பளிச்சென்று தெரியும். வரிக்கு இரண்டு, மூன்று சொல் போதும். கேமராவைச் சற்றுத் தள்ளி வையுங்கள். நீளச் சொல்லை விட்டு 'சொன்னார்' என்று எழுதினால் பாதித் தொல்லை தீரும்!

கேள்வி: வானிலைப் படத்துக்கு முன் பச்சைப் புடவை கூடாதாமே?

கூடாது. பின்னால் இருப்பது வெறும் பச்சைத் திரை, பச்சை தெரியும் இடமெல்லாம் கணினி படத்தை வைக்கும். புடவை வழியே வங்கக்கடல் தெரியும். பச்சைப் புடவை கட்டும் நாளில் நீலத் திரைக்கு மாறிக்கொள்ளலாம். சரிகையும் வம்புதான், திரையின் பச்சையை வாங்கி மினுக்கும், உருவத்தின் ஓரம் அரித்ததுபோல் தெரியும். திரையிலிருந்து ஆறடியாவது தள்ளி நிற்க வேண்டும். திரைக்குத் தனி விளக்கு, ஆளுக்குத் தனி விளக்கு.

கேள்வி: அரங்கிலிருந்து கேள்வி கேட்டபின் களத்தில் நிற்கும் நிருபர் சற்று நேரம் விழிப்பது ஏன்?

படத்தையும் ஒலியையும் கடத்தும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி. இப்போதைய முதுகுப்பை கருவி பல சிம்களில் படத்தைப் பிரித்து அனுப்பிச் சேர்க்கிறது. அதற்கு ஓரிரு நொடி கையிருப்பு தேவை. குறைத்தால் கூட்டத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். இதைவிட மோசம், நிருபரின் குரலே தாமதமாக அவர் காதுக்குத் திரும்புவது. நாக்கு குழறிவிடும். அவர் குரலை மட்டும் கழித்த ஒலியைத்தான் இயர்பீசுக்கு அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஸ்க்ரோலில் (திரையின் அடியில் ஓடும் செய்தி வரி) 'கெ' எழுத்து 'க', 'ெ' என்று பிரிந்து வருகிறது.

மென்பொருள் யூனிகோடு தமிழைக் கோக்கத் தெரியாதது. புதிய பதிப்புக்கு மாறுங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டாமல் முதலில் யூனிகோடாக மாற்றும் மென்பொருளில் போடுங்கள்.

கேள்வி: ப்ராம்ப்டர் வந்தபின் மேசைமேல் தாள் எதற்கு? அலங்காரமா?

ப்ராம்ப்டர் உறைந்தால் அதுதான் கதி. ஒருபக்கம் மட்டும் அச்சடித்து, ஸ்டேப்ளர் போடாமல், செய்திக்கு ஒரு தாளாக வையுங்கள். ப்ராம்ப்டர் நன்றாக ஓடும்போதும் ஒவ்வொரு செய்தி முடிந்ததும் தாளை நகர்த்திக்கொண்டே வர வேண்டும். புரட்டினால் மைக்கில் சரசரக்கும்.